‘அங்கே எல்லாம் சல்லிசு’: ஒரு வெப்பமண்டலச் சுற்றுலாவின் கணக்கு

“அந்த நாட்டுக்குப் போங்க, எல்லாம் சல்லிசு” என்று சொல்ல எப்போதும் யாராவது ஒருவர் இருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் போன மாதத்தில், தங்கிய நாட்களுக்கு, சுற்றிய விதத்துக்கு அவருக்கு அப்படித்தான் முடிந்தது. அதை நம்பி இன்னொருவர் வேறு மாதத்தில் நாலு நாளுக்குப் போய் கையைச் சுட்டுக்கொண்டு திரும்புவார். நாடு என்னவோ ஒன்றுதான்.

மலிவு என்பதை ஒரு நாட்டின் குணம்போலப் பேசுவதுதான் குழப்பத்துக்குக் காரணம். எத்தனை நாள், எந்தத் தேதி, எத்தனை முறை இடம் மாறுகிறோம், அங்கே எதை வாங்குகிறோம் என்பதெல்லாம் சேர்ந்துதான் அது மலிவா இல்லையா என்று முடிவாகிறது. இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது. வெப்பமண்டலம் என்று இங்கே சொல்வது நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 23.4 பாகை வரை உள்ள பகுதியை. இலங்கை, தாய்லாந்து, இந்தோனேசியா, மாலத்தீவு, கென்யா, கோஸ்டாரிகா எல்லாம் அதற்குள் வரும்.

டாக்ஸி மீட்டரும் பயணச் செலவும்

டாக்ஸியில் ஏறி உட்கார்ந்ததுமே மீட்டரில் ஒரு தொகை விழுந்துவிடும். வண்டி ஓட ஓட மீதி ஏறும். அடுத்த தெருவில் இறங்கினாலும் அந்த முதல் தொகையைக் கொடுத்தே ஆகவேண்டும்.

சுற்றுலாவும் அப்படித்தான். விமான டிக்கெட், விசா, விமான நிலையத்துக்குப் போய்வரும் வண்டி ஆகியவை மூன்று நாள் போனாலும் முப்பது நாள் போனாலும் மாறாது. இதை நிலைச்செலவு என்று வைத்துக்கொள்வோம். அறை, சாப்பாடு, உள்ளூர்ப் போக்குவரத்து ஆகியவை நாளுக்கு நாள் கூடும். இது நாள்செலவு.

எண்ணில் பார்க்கலாம். நிலைச்செலவு 100 பங்கு, நாள்செலவு 10 பங்கு. ஐந்து நாள் போனால் மொத்தம் 150, அதாவது ஒரு நாளுக்கு 30. பத்து நாள் இருந்தால் மொத்தம் 200, ஒரு நாளுக்கு 20. நாட்கள் இரண்டு மடங்கானபோது செலவு மூன்றில் ஒரு பங்குதான் கூடியது.

‘மலிவான நாடு’ என்ற பேச்சு சறுக்குவது இங்கேதான். பக்கத்தில் ஒரு நாடு: போய்வர 40, நாளுக்கு 18. தூரத்தில் ஒரு நாடு: போய்வர 100, நாளுக்கு 10. எது மலிவு என்று கேட்டால் பாதிப் பேர் தூரத்து நாட்டைக் காட்டுவார்கள், அங்கே எல்லாம் ஏறக்குறைய பாதி விலைதானே என்று. ஆனால் ஏழு நாள் வரை பக்கத்து நாடுதான் கைக்கு அடக்கம். எட்டாவது நாளில்தான் தராசு மறுபக்கம் சாய்கிறது. போட்டுப் பாருங்கள்: ஏழு நாளுக்குப் பக்கத்து நாட்டில் 166, தூரத்து நாட்டில் 170. எட்டு நாளுக்குப் பக்கத்தில் 184, தூரத்தில் 180.

நுழைவுச்சீட்டிலேயே இந்த மீட்டர் ஓடும் இடங்களும் உண்டு. கம்போடியாவின் அங்கோர் கோயில்களுக்கு வெளிநாட்டவருக்கு ஒருநாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62, ஏழு நாள் சீட்டு 72. ஒருநாள் சீட்டில் போகிறவர் கொடுப்பது கிட்டத்தட்ட ஏழு நாள் சீட்டின் பாதி. அவசரத்துக்கு ஒரு விலை இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு பலகையில் எழுத முடியாது.

ஆக, இருக்கும் விடுப்பு எத்தனை நாள் என்பதை முதலில் எழுதிவிட்டு, அப்புறம் நாட்டைத் தேடினால் பாதி வேலை முடிந்தது. விடுப்பு குறைவென்றால் டிக்கெட் மலிவான இடம், நிறைய இருந்தால் நாள்செலவு மலிவான இடம்.

அங்கே எது மலிவு, எது இல்லை

ஒரு நாட்டில் விலை குறைவு என்றால் பெரும்பாலும் அங்கே கூலி குறைவு என்று பொருள். முடிவெட்டுவது, துணி துவைத்துத் தருவது, தெருவோரம் சமைத்துத் தருவது, அறையைப் பெருக்கித் துடைப்பது ஆகியவற்றில் பெரும்பங்கு ஆள்கூலி. அதனால் இவை மலிவாக இருக்கும். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்திறங்கும் பொருளுக்கு அந்த விதி செல்லாது. சன்ஸ்கிரீன், கேமரா மெமரி கார்டு, ஒயின், பாலாடைக்கட்டி ஆகியவை மலிவான நாட்டிலும் மலிவாகக் கிடைக்காது. வரி சேர்ந்தால் கூடுதலாகவே இருக்கும்.

தீவுகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். மாலத்தீவில் தேங்காயும் மீனும் போக, தட்டில் விழும் பெரும்பாலானவை படகில் வந்தவை. அப்படியிருந்தும் அந்த நாட்டில் குறைந்த செலவில் தங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு தீவு முழுவதும் ஒரே விடுதியாக இருக்கும் ரிசார்ட்டுக்குப் போகாமல், மக்கள் குடியிருக்கும் தீவுகளில் உள்ள விருந்தினர் இல்லங்களில் தங்கி, அரசுப் படகில் போய் வருகிறார்கள். இரண்டு இடத்திலும் கடலின் நீலம் ஒன்றுதான். பில் மட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வரும்.

ஆகவே கிளம்பும் முன் ஒரு சிறு வேலை செய்யலாம். உங்களுடைய ஒரு சாதாரண விடுமுறை நாளை, கண் விழிப்பதிலிருந்து படுப்பது வரை எழுதுங்கள். காலையில் என்ன குடிப்பீர்கள், குளிர்சாதனம் இல்லாமல் தூங்குவீர்களா, வெயிலில் எத்தனை பாட்டில் தண்ணீர் போகும், இருட்டிய பிறகு நடப்பீர்களா, வண்டி பிடிப்பீர்களா. ஒவ்வொன்றுக்கும் நேராக, இது கூலியா, கப்பலா என்று குறியுங்கள். கப்பல் நிறைய இருந்தால், ஊரார் சொன்ன மலிவு உங்களுக்குக் கிடைக்காது. கூடவே, பையில் போட்டுக் கொண்டுபோக வேண்டிய பொருள்களின் பட்டியலும் தயாராகிவிடும்.

இடம் மாறினால் காசு

ஒருமுறை ஐந்து நாளில் மூன்று தீவுகள் என்று திட்டம் போட்டுக்கொண்டு போனேன். படத்தில் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நேரில் நடந்தது இது: காலை ஏழு மணிக்கு அறையைக் காலி செய்தேன், ஒன்பது மணிப் படகுக்காகத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்தேன், படகு பதினொன்றுக்கு வந்தது, போய் இறங்கியபோது அடுத்த அறை இரண்டு மணிக்குத்தான் தயாராகும் என்றார்கள். பையைக் காலடியில் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தேன். இதையே இரண்டு முறை செய்தேன். எனக்கு அதிகம் நினைவிருப்பது அந்தக் கொட்டகையின் தகரம்தான்.

மேலே போட்ட கணக்கில், பத்து நாள் பயணத்தில் ஒரு நாளின் விலை 20 பங்கு. ஒவ்வொரு இடமாற்றமும் அரை நாளைத் தின்கிறது, அதாவது 10 பங்கு. படகுக்கும் வண்டிக்கும் கொடுத்தது அதற்கு மேல். இந்த 10 பங்கு எந்த ரசீதிலும் வராது என்பதால் யாரும் எழுதி வைப்பதில்லை. நீண்ட நாள் ஒரே இடத்தில் தங்கினால் அறை வாடகையையும் பேசிக் குறைக்கலாம் என்பதைச் சேர்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. என் அபிப்பிராயத்தில், ஒரு வாரத்துக்கு இரண்டு ஊர் போதும்.

மழைக்காலம் என்ற பூச்சாண்டி

வெப்பமண்டலத்தில் பெரும்பாலான இடங்களில் ஆண்டு முழுவதும் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை. அங்கே பருவத்தைப் பிரிப்பது குளிர் அல்ல, மழை. அதனால் சுற்றுலா விலையும் மழையை ஒட்டியே ஏறி இறங்குகிறது. மழை ஏன் வருகிறது என்று தெரிந்தால் அந்த விலையையும் படிக்கலாம்.

அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சூடு அதிகம் படும் இடத்துக்கு மேலே நீராவி கிளம்பும். பூமியில் சூரியன் நேர் உச்சியில் காயும் பகுதியில் ஈரக்காற்று சூடாகி மேலே எழுகிறது, குளிர்ந்து மேகமாகிறது, மழையாக விழுகிறது. இப்படி நிலநடுக்கோட்டை ஒட்டிப் பூமியைச் சுற்றி ஒரு மழைப்பட்டை உண்டு. சூரியன் ஆண்டின் நடுவில் வடக்கே போகும்போது அந்தப் பட்டையும் வடக்கே நகர்கிறது, ஆண்டுக் கடைசியில் தெற்கே இறங்குகிறது. பட்டை தலைக்கு மேல் வரும் மாதங்கள் மழைக்காலம். ஜூலையில் தாய்லாந்தில் மழை பெய்யும்போது நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கும் பாலியில் வறண்ட காலம் என்பதற்குக் காரணம் இதுதான்.

இதோடு முடிந்திருந்தால் சுலபம். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும் இருக்கிறது. மழை சுமந்து வரும் காற்று மலையில் மோதும் பக்கம் நனைகிறது, மலைக்கு அந்தப்புறம் காய்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று என்று நாம் சொல்லும் பெயர்களிலேயே பதில் இருக்கிறது. தென்மேற்கிலிருந்து காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை இலங்கையின் ஹிக்கடுவ, காலி பக்கம் கடல் கொந்தளிக்கும். அதே மாதங்களில் கிழக்கே திருகோணமலையிலும் அறுகம்குடாவிலும் வெயில் அடிக்கும். ஆண்டுக் கடைசியில் இது அப்படியே புரளும். தாய்லாந்தில் மேற்குக் கரையிலுள்ள புக்கெட்டுக்கு மே முதல் அக்டோபர் வரை மழை. கிழக்கே வளைகுடாவிலுள்ள சாமுய் தீவுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெருமழை. ஆகவே “இலங்கைக்கு எந்த மாதம் போகலாம்?” என்ற கேள்வியே அரைகுறை. எந்தக் கரைக்கு என்று கேட்க வேண்டும்.

மழை எப்படிப் பெய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வெப்பமண்டலத்தின் அன்றாட மழை பெரும்பாலும் சாயங்கால மழை. காலையில் வெயில், மதியம் மேகம் திரளும், மூன்று நாலு மணிக்கு வானம் பொத்துக்கொண்டதுபோல ஒரு மணி நேரம் கொட்டும், அப்புறம் வெளுத்துவிடும். காலையில் சீக்கிரம் எழுந்து சுற்றுகிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. கோஸ்டாரிகாவில் மழை மாதங்களைப் ‘பசுமைக்காலம்’ என்று பெயர் மாற்றி விற்கிறார்கள். வியாபாரத் தந்திரம்தான், ஆனால் முழுப் பொய்யும் இல்லை.

காசு மிச்சம் என்று போய் ஏமாறும் இடங்கள் வேறு. பருவக்காற்று நேராக மோதும் கரையில் கடலில் இறங்க முடியாது, சிவப்புக்கொடி பறக்கும். படகு நிற்கும். தாய்லாந்தின் சிமிலன் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடியே வைக்கிறார்கள். மலேசியாவின் பெர்ஹெந்தியான் தீவுகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை விடுதிகள் பெரும்பாலும் பூட்டிக்கிடக்கும். வியட்நாமின் ஹோய் ஆன் ஊரில் அக்டோபர், நவம்பரில் தெருவில் படகு விடும் அளவுக்கு வெள்ளம் வருவது புதிதல்ல. கரீபியனில் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, உச்சம் செப்டம்பரில். அங்கேயும் தெற்கே ஒதுங்கியிருக்கும் அருபா, பொனேர், குராசோ தீவுகள் புயல் வழக்கமாகப் போகும் பாதையில் இல்லை.

சரி, சாயங்கால மழைக்குப் பயப்பட வேண்டாம். மூடிய படகுத்துறைக்கும் புயலுக்கும் பயப்படலாம். இரண்டுக்கும் ‘மழைக்காலம்’ என்று ஒரே பெயர் இருப்பதுதான் சிக்கல்.

பூக்கடையும் ஹோட்டல் அறையும்

பூக்கடையில் காலை விலை ஒன்று, கடை சாத்தும் நேரத்து விலை ஒன்று. விற்காத பூ நாளைக்கு உதவாது. ஹோட்டல் அறையும் விமான இருக்கையும் பூ மாதிரிதான். இன்று இரவு காலியாகக் கிடந்த அறையை நாளை சேர்த்து விற்க முடியாது. ஆள் வராத மாதத்தில், பெருக்கித் துடைக்கும் செலவுக்கு மேல் எது கிடைத்தாலும் உரிமையாளருக்கு லாபம். ஆள் மொய்க்கும் மாதத்தில் அவர் ஏன் இறங்க வேண்டும்?

உச்ச சீசனுக்கும் மழை மாதங்களுக்கும் நடுவே, கூட்டம் கலைந்து வானம் இன்னும் கெடாத சில வாரங்கள் இருக்கும். இதை இடைப்பருவம் என்பார்கள். சிக்கனமாகப் போகிறவருக்கு ஏற்ற காலம் பெரும்பாலும் இதுதான். பாலியில் வறண்ட காலம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. ஆனால் கூட்டமும் விலையும் உச்சத்தில் நிற்பது ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில். மே மாதமும் செப்டம்பரும் அதே வெயிலைக் குறைந்த விலைக்குத் தருகின்றன.

விலைக்கு இன்னொரு நாட்காட்டியும் உண்டு, அது பண்டிகைகளுடையது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு எல்லோருக்கும் தெரியும். வியட்நாமின் தெத் புத்தாண்டு, தாய்லாந்தில் ஏப்ரல் நடுவில் வரும் சொங்ரான், இந்தோனேசியாவில் ரம்ஜான் ஆகிய நாட்களில் அந்த நாட்டு மக்களே சொந்த ஊருக்குக் கிளம்புவார்கள். பேருந்து, ரயில், படகு எதிலும் இடம் கிடைக்காது. பாலியில் நியெபி என்ற மௌன நாளில் விமான நிலையத்தையே 24 மணி நேரம் மூடிவிடுகிறார்கள். அன்றைக்கு டிக்கெட் தேடினால் கிடைக்காது.

விமான டிக்கெட்டைப் பற்றியும் ஒரு மூடநம்பிக்கை உலாவுகிறது, செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் வாங்கினால் மலிவு என்று. நடப்பது வேறு. ஒரே வகுப்பு இருக்கைகளையே பல விலைக்கூறுகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். மலிவான கூறு தீர்ந்ததும் அடுத்த கூறு திறக்கும். பயணத் தேதியை ஓரிரு நாள் தள்ளிப் பார்த்தால் கிடைக்கும் லாபம், வாங்கும் கிழமையைப் பார்த்தால் கிடைக்காது.

மலிவு விமானச் சேவைகளில் காட்டும் விலை இருக்கைக்கு மட்டும். பெட்டிக்குத் தனி, சாப்பாட்டுக்குத் தனி. பெட்டியை முன்கூட்டியே சேர்க்காமல் விமான நிலையத்தில் போய்ச் சேர்த்தால் தொகை பெருகிவிடும். இரண்டு டிக்கெட்டைத் தனித்தனியாக வாங்கி ஒட்டவைக்கிறவர்கள் விமான நிலையத்தின் பெயரையும் பார்க்க வேண்டும். பாங்காக்கில் டான் மியாங் ஒன்று, சுவர்ணபூமி ஒன்று. இரண்டுக்கும் நடுவே சாலைவழி 40 கிலோமீட்டருக்கு மேல். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டின் பணம் போனது போனதுதான்.

கைக்கு வரும்போதே குறையும் பணம்

பணம் மாற்றும் கடையில் ‘கமிஷன் இல்லை’ என்று எழுதியிருக்கும். கமிஷன் இல்லைதான். ஆனால் 100 பெறுமானமுள்ள நோட்டை 97க்கு வாங்கி 103க்கு விற்பார்கள். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இந்த இடைவெளிதான் அவர்களுடைய சம்பளம். தேவைக்கு மேல் மாற்றிவிட்டுத் திரும்பும்போது மறுபடி மாற்றுகிறவர் இரண்டு பக்கமும் இழக்கிறார்.

கார்டு தேய்க்கும்போதும் ஏடிஎம்மிலும் ஒரு கேள்வி வரும்: உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடலாமா, உள்ளூர்ப் பணத்திலா? சொந்தப் பணத்தில் பார்த்தால் மனதுக்கு இதமாக இருக்கும், அதனால் பலர் அதை அழுத்திவிடுவார்கள். அந்த இதத்துக்கு அந்தக் கருவிக்காரர் தன் விருப்பத்துக்கு ஒரு விகிதம் போட்டு எடுத்துக்கொள்வார். எப்போதும் உள்ளூர்ப் பணம் என்றே சொல்லுங்கள்.

சுழியங்கள் நிறைய உள்ள நாடுகளில் அவசரப்பட வேண்டாம். வியட்நாமின் 20,000 டாங் நோட்டும் 500,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலம். இருட்டில் வண்டிக்காரருக்கு ஒன்றுக்குப் பதில் மற்றதைக் கொடுத்தால் 25 மடங்கு கொடுத்துவிடுவீர்கள். இரண்டையும் தனித்தனி மடிப்பில் வையுங்கள்.

விலைப்பட்டியலில் எண்ணுக்குப் பின்னால் ‘++’ என்று இருந்தால் இன்னும் இரண்டு தொகை ஏறப்போகிறது என்று அர்த்தம்: சேவைக் கட்டணம், வரி. சிங்கப்பூரில் 100 என்று எழுதியிருந்தால் 10 சதவீதச் சேவைக் கட்டணம் சேர்ந்து 110 ஆகும். அந்த 110க்கு 9 சதவீத வரி விழுந்து 119.90 ஆகும். பட்டியலைப் பார்த்துப் போடும் பட்ஜெட்டில் ஐந்தில் ஒரு பங்கு துண்டு விழுவது இப்படித்தான்.

கை வைக்கக்கூடாத இடம்

காப்பீட்டைக் குறைத்துச் சிக்கனம் பார்க்காதீர்கள். கரீபியன் பக்கம் புயல் பருவத்தில் போனால், புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கும் காப்பீடு அந்தப் புயலுக்குப் பொதுவாகச் செல்லாது. டிக்கெட் எடுத்த அன்றே எடுத்துவிட வேண்டும். தீவுகளில் வாடகைக்கு ஸ்கூட்டர் எடுத்து விழுகிறவர்கள் நிறைய. அந்த வண்டிக்கான உரிமமும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டும் இல்லாவிட்டால் காப்பீட்டு நிறுவனம் மருத்துவச் செலவைத் தர மறுக்கலாம். பல நாடுகள் பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்கின்றன. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா பக்கம் போனால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும். டெங்கு கொசு பகலில் கடிக்கும் என்பதால் கொசுவலை மட்டும் போதாது, களிம்பும் வேண்டும்.

மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். படகு ஓடாத ஒரு நாளுக்கும் தொலைந்த ஒரு பெட்டிக்கும் அது உதவும். எதுவும் ஆகவில்லையென்றால் கடைசி நாள் காலையில் உள்ளூர் நோட்டுகள் கையில் மிஞ்சியிருக்கும். விமான நிலையத்துக்குப் போகும் வண்டிக்கு வேண்டியதை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மீதி நோட்டு, சில்லறை அத்தனையையும் அறை பில்லுக்குக் கொடுத்துவிட்டு, குறைகிற தொகையைக் கார்டில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாணயங்களைப் பணம் மாற்றும் கடைகள் பெரும்பாலும் தொடுவதில்லை.